ஓசூரில் நமக்கு எந்தத் தெருவில் வீடு கிடைக்கும்?

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, பர்கூர், அரூர் பக்கங்களிலிருந்து ஐடிஐ, டிப்ளமோ முடித்த நம் பிள்ளைகள் ஓசூருக்கு வந்து இறங்குகிறார்கள். சிப்காட்டில் அப்ரண்டிஸ் வேலையோ ஒப்பந்த வேலையோ கிடைத்திருக்கும். முதல் ஒரு மாதம் ஊர்க்காரர் யாராவது ஒருவரின் அறையில் ஒண்டிக்கொள்வார்கள். பிறகு வீடு தேடத் தொடங்குவார்கள். அப்போது மூத்தவர்களிடம் அவர்கள் கேட்கும் கேள்வி, "அண்ணா, ஓசூரில் எந்த ஏரியா நல்லது?" என்பதுதான்.

இதற்கு வீட்டுத் தரகர்களிடம் ஆயத்தமான பதில் உண்டு. கம்பெனிக்குப் பக்கம் வேண்டுமென்றால் ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி. குடும்பத்தோடு இருக்க ஹட்கோ. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர் என்றால் எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி. வசதி இருந்தால் பாகலூர் சாலை, தளி சாலை அடுக்குமாடிகள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரையும் நாற்றமும் எப்படி என்பதுவரை சொல்வார்கள். எல்லாம் தேவையான தகவல்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு வேண்டிய ஒரு தகவல் மட்டும் இந்தப் பட்டியலில் இராது. எந்தத் தெருவில் சாதி கேட்காமல் சாவி கொடுப்பார்கள் என்பதுதான் அது. அதை நாமே பேசியாக வேண்டும்.

நான்கு வகைக் குடியிருப்புகள்

ஓசூரின் குடியிருப்புகளை எப்படி உருவானவை என்பதை வைத்து நான்காகப் பிரிக்கலாம். ஒரு தெருவை யார் உருவாக்கினார்கள் என்பதைப் பொறுத்தே அங்கே நமக்கு வீடு கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது.

முதல் வகை, நகரத்துக்குள் வந்துவிட்ட பழைய கிராமங்கள். ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஊராட்சிகளும் மத்திகிரி பேரூராட்சியும் 2011-இல் ஓசூர் நகராட்சியோடு இணைந்தன. 2019-இல் நகராட்சி மாநகராட்சி ஆனது. காகிதத்தில் இவை இன்று மாநகராட்சி வார்டுகள். உள்ளே நடந்து பார்த்தால் ஊர்த் தெரு ஊர்த் தெருவாகவும், நம் தெரு நம் தெருவாகவும் இருப்பது தெரியும். முன்பு ராகி விதைத்த நிலத்தில் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார் நிலக்காரர். வயல் போய்விட்டது, ஆனால் அந்தக் காலத்துக் கணக்கு போகவில்லை. இங்கே வேலைக்கு நடந்தே போகலாம், வாடகையும் ஓரளவு குறைவு. ஆனால் புதிதாக வருகிறவர் எந்த ஊர், என்ன ஆள் என்பது இரண்டே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நம் மக்கள் வாழும் தெருவில் அறை கேட்டால் உடனே கிடைக்கும். ஆனால் சாக்கடையும் தெருவிளக்கும் அங்கே எத்தனை தாமதமாக வந்து சேரும் என்பதை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாம் வகை, அரசு கட்டிய குடியிருப்புகள். ஓசூர் மக்கள் ஹட்கோ என்று அழைக்கும் வாரியக் குடியிருப்புகள் இவை. வீட்டு வசதி வாரியத்தின் ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் உண்டு. குலுக்கலில் வந்த எண்தான் வீட்டைத் தீர்மானித்தது. அதனால் ஒரே சுவரின் இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் வேறொரு சாதி என்று அமைந்தது. நம்மவர்களில் முதல் தலைமுறை அரசு ஊழியர்கள் பலர் தமிழகமெங்கும் சொந்த வீடு பார்த்தது இப்படிப்பட்ட குடியிருப்புகளில்தான். பிறகு வீடுகள் கைமாறின. மாடிகள் எழுந்து வாடகைக்கு வந்தன. வாடகைக்கு விடும்போது குலுக்கல் கிடையாது. அங்கே மறுபடியும் சாதிக் கேள்வி நுழைந்தது. இருந்தாலும், நம்மவர் சொந்தக்காரராக இருக்கும் வீடுகள் நாலைந்து அங்கே இருப்பதால், தேடுகிறவருக்கு ஒரு பிடி உண்டு.

மூன்றாம் வகை, தனியார் மனைப்பிரிவுகளும் அடுக்குமாடிகளும். பாகலூர் சாலை, தளி சாலை, இராயக்கோட்டை சாலை, மத்திகிரிப் பக்கம் இவை பெருகிக்கொண்டே போகின்றன. 2024 ஜூன் 27 அன்று ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்த பிறகு மனை விலையைக் கேட்கவே வேண்டாம். உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார், தரகர்தான் பேசுவார். பணம் இருந்தால் கேள்வி குறையும் என்று நினைக்கிறோம். கேள்வி சற்று மரியாதையாக வரும், அவ்வளவுதான். "சைவம் மட்டும்" என்பது அதில் ஒன்று. தன் வீட்டுச் சமையலறையில் என்ன சமைப்பது என்பது உரிமையாளரின் விருப்பமாக இருக்கலாம். ஆனால் முட்டை சாப்பிடும் வேறு சாதிக்காரருக்குக் கிடைத்த அதே வீடு நமக்குச் 'சைவம் மட்டும்' ஆகிவிடும்போது அதன் பொருள் வேறு.

நான்காம் வகை, சிப்காட் வாசலையொட்டிய அறைகள். பேடரப்பள்ளி, சின்ன எலசகிரிப் பக்கம் போனால் தெரியும். ஒரே அறையில் ஐந்தாறு பேர், ஷிப்டு மாறி மாறித் தூங்குவார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களும் நம் பிள்ளைகளும் ஒரே வரிசை வீட்டில் இருப்பார்கள். இங்கே பெரும்பாலும் யாரும் சாதி கேட்பதில்லை. தலைக்கு இவ்வளவு என்று வாடகை வந்தால் போதும். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, தனி வீடு வேண்டும் என்று வெளியே வரும்போதுதான் அந்தக் கேள்வி எதிரில் வந்து நிற்கும்.

ஒரே அசெம்பிளி லைனில் நிற்கிறோம், ஒரே கேண்டீனில் சாப்பிடுகிறோம், ஒரே கம்பெனி பேருந்தில் திரும்புகிறோம். இறங்கியபின் தெரு மட்டும் வேறு வேறாகப் பிரிகிறது. ஓசூரைத் தொழில் நகரம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

எல்லை தாண்டும் முன்

ஜூஜுவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் சில நிமிடத்தில் அத்திப்பள்ளி. 1956 மொழிவழி மாநிலப் பிரிப்பில் இந்தப் பக்கம் ஓசூர் சென்னை மாநிலத்திலும் அந்தப் பக்கம் ஆனேக்கல் மைசூர் மாநிலத்திலும் நின்றன. கூலி வேலைக்கும் கல்யாணத்துக்கும் நம் மக்கள் இந்தக் கோட்டைப் பெரிதாக எண்ணியதில்லை. தெலுங்கும் கன்னடமும் பேசும் நம்மவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர், ஆதி கர்நாடகர் என்று மூன்று பெயரும் தமிழ்நாட்டுப் பட்டியலில் இருப்பதே இந்த உறவுக்குச் சாட்சி.

ஆனால் குடும்பத்தோடு வீடு மாறும்போது இந்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக உள்ளவர் வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநிலத்தின் இட ஒதுக்கீட்டை அங்கே கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் கூறியது. 2018-இல் அரசியல் சாசன அமர்வு இதை மீண்டும் உறுதி செய்தது. அதாவது அத்திப்பள்ளிக்கு வீடு மாறிய தமிழ்நாட்டுத் தலித் குடும்பத்துக்குக் கர்நாடக அரசின் கல்லூரியிலும் வேலையிலும் அந்த மாநிலத்தின் பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடையாது.

இந்தப் பக்கத்திலும் இழப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 6 முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைப் பார்த்தே கிடைக்கின்றன. அத்திப்பள்ளியில் வாடகை ஐந்நூறு, ஆயிரம் குறைகிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையை அந்தப் பக்கம் பள்ளியில் சேர்த்துவிட்டால், சேமித்த வாடகையைவிட இழந்தது அதிகமாகிவிடும். தரகர் இதைச் சொல்லமாட்டார். வீடு பார்க்கப் போகும் பெற்றோர் முதலில் பிள்ளையின் வகுப்பைப் பார்த்துவிட்டு, பிறகு வாடகையைப் பார்க்க வேண்டும்.

மறுப்பு எப்படி வருகிறது

"நீ இந்தச் சாதி, உனக்கு வீடு இல்லை" என்று இன்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைவு. பேச்சு வேறு வழியாக வரும். சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். குலதெய்வம் எது என்பார்கள். அதுவும் பிடிபடவில்லை என்றால் ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள். முகவரியில் 'காலனி' என்று இருந்தால் போதும், மறுநாள் போன் வரும்: "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாருங்க." ஓசூரில் இதைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்கலாம்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாம் நெடுநாள் கேட்டது, வரவேற்கிறோம். இதே ஓசூரில் கம்பெனி அதிகாரிகள் வாழும் காலனிக்கு மதிப்பு கூடுகிறது, நம் ஊர்க் காலனிக்கு மட்டும் வீடு இல்லை என்றால், குற்றம் அந்தச் சொல்லில் மட்டும் இல்லை. பெயர் மாறிய பிறகும் முகவரியைத் துருவுகிற கண் மாறவில்லை என்றால் புதுப் பெயரும் கொஞ்ச நாளில் பழைய பெயராகிவிடும்.

இது நம் கற்பனை என்று சொல்கிறவர்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் முன்னாள் தலைவரான பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் டெல்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் வாடகை வீடு கேட்டு ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2015-இல் வெளியானது. வருமானமும் வேலையும் ஒத்தவர்கள், பெயர் மட்டும் வேறு. தொலைபேசியில் உயர்சாதிப் பெயரில் கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் சாதகமான பதில் கிடைத்தது. தலித் பெயரில் கேட்டவர்களில் 18 விழுக்காட்டினருக்கு மறுப்பு வந்தது, 23 விழுக்காட்டினருக்குக் கூடுதல் நிபந்தனைகள் வந்தன. முஸ்லிம்களுக்கு மறுப்பு 31 விழுக்காடு. நாட்டின் தலைநகரிலேயே நிலைமை இதுதான்.

ஆகவே நம் பிள்ளைகள் சிலர் பெயரையும் ஊரையும் மறைக்கிறார்கள். வீட்டுக்குள் அம்பேத்கர் படம் மாட்டுவதில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். இதற்காக அவர்களைக் குறை சொல்ல நாம் தயாரில்லை. அம்பேத்கரே அந்த நிலையில் நின்றவர். 1917-இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தபோது அவருக்கு அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். நண்பர்கள் இருவரைக் கேட்டுப் பார்த்தார், அவர்களும் கைவிரித்தார்கள். வேலையை விட்டுவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். வீடு கிடைக்காததால் ஒரு மேதையின் வேலை போனது. வீடு மறுக்கப்படுவதைச் சின்ன அவமானம் என்று தள்ளிவிட முடியாது. அது வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் நகரத்தில் நிலைக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் பறிக்கிறது.

உயிரையும் சேர்த்துத்தான். 2018 நவம்பரில் ஓசூரில் வாழ்ந்துவந்த சாதி மறுப்புத் தம்பதி கடத்திக் கொல்லப்பட்டு, உடல்கள் கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டக் காவிரியில் கிடைத்தன. கணவர் தலித். பெண்ணின் உறவினர்கள் கைதானார்கள். கிராமத்தில் முடியாததை நகரம் தரும் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். அதே ஆண்டு மார்ச் 27 அன்றுதான், இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

சட்டம் என்ன தருகிறது

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை நாம் மறந்துவிட்டோம். அதன் 4-ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டவோ, வாங்கவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடை செய்வதைக் குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. அப்படி இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. குடியிருக்கும் வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறும்படி செய்வதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் குற்றமாக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம், அதன் பதிவு, முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. இது கையில் இருக்க வேண்டிய தகவல். ஆனால் ஒப்பந்தம் வந்த பிறகுதான் இந்தச் சட்டம் பேசத் தொடங்குகிறது. நம் சிக்கல் ஒப்பந்தத்துக்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அங்கே கையெழுத்தானது. வீடு காலியாக இருந்தும் இல்லை என்று இனத்தின் பேரில் சொல்வதும், இன்ன இனத்தாருக்கு மட்டும் என்று விளம்பரம் செய்வதும் சட்டவிரோதமாயின. ஒரே வீட்டுக்கு ஒரு கறுப்பினத்தவரையும் ஒரு வெள்ளையரையும் அனுப்பிக் கேட்கவைத்து, பதிலை ஒப்பிட்டுச் சான்றாக்கும் முறையும் அங்கே உண்டு. அதனால் அங்கே பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் கேட்க ஒரு கதவும், காட்ட ஒரு சான்றும் கிடைத்தன.

"என் வீடு, என் விருப்பம்" என்பார்கள் வீட்டுக்காரர்கள். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைப் பார்த்துக்கொள்வார்களா என்று கேட்கட்டும். சம்பளச் சீட்டைப் பார்க்கட்டும். அது நியாயம். ஆனால் ஓசூரில் ஒரு வரிசை வீட்டுக்கு இன்று கிடைக்கும் வாடகை எங்கிருந்து வந்தது? 1971-இல் தொடங்கிய சிப்காட் என்ற அரசு நிறுவனம் இங்கே நிலம் எடுத்து, சாலையும் மின்சாரமும் போட்டு, ஆலைகளைக் கொண்டுவந்தது. பொதுப்பணம் விளைவித்த வாடகை இது. அந்தப் பொதுப்பணத்தில் நம் பங்கும் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியவை

ஒன்று, சிப்காட் தொழிலாளர்களுக்கு அரசே வாடகைக் குடியிருப்புகள் கட்ட வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கே முடிந்தது ஓசூரிலும் முடியும். தனி ஆட்களுக்கு மட்டும் இல்லாமல் குடும்பங்களுக்கும் கட்ட வேண்டும், ஒதுக்கீட்டைக் குலுக்கலில் செய்ய வேண்டும். 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் கிராமத்துக்குச் சொன்ன பாடத்தை நகரத்துக்கும் சொல்ல நேரம் வந்துவிட்டது.

இரண்டு, வாடகை ஒப்பந்தப் பதிவில் சாதி, மதம் காரணமாக வீடு மறுக்கக்கூடாது என்ற விதியையும், அதை மீறினால் வாடகை அதிகாரியிடம் புகார் தரும் வழியையும் அரசு சேர்க்க வேண்டும். தரகருக்கும் இது பொருந்த வேண்டும்.

மூன்று, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான வன்கொடுமை விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. அதன் பொருள்நிரலில் ஓசூரின் வாடகை வீடுகள் இடம்பெற வேண்டும். சாதி மறுப்புத் தம்பதிகளுக்கான சிறப்புப் பிரிவு எங்கே இருக்கிறது என்பது ஓசூர் பேருந்து நிலையத்தில் பலகையாகத் தெரிய வேண்டும்.

நான்காவது நம் கையில் இருக்கிறது. வீடு மறுக்கப்பட்டால் அந்த நாள், நேரம், தரகரின் எண், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். அடுத்த நாள் வேறு சாதி நண்பர் ஒருவரை அதே வீட்டுக்குக் கேட்கச் சொல்லுங்கள். "அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்ற வீடு அவருக்குக் காலியாக இருந்தால், அதுதான் உங்கள் சான்று. 14566 என்ற வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையத்துக்கும் எழுதுங்கள். கம்பெனியில் தொழிற்சங்கம் இருந்தால் இதைச் சங்கத்தின் கோரிக்கையாக வையுங்கள். கேண்டீன் சாப்பாட்டுக்காகப் பேசும் சங்கம் வாடகை வீட்டுக்காகவும் பேசலாம். ஏற்கனவே ஓசூரில் வேர்விட்டுவிட்ட நம் குடும்பங்கள், ஒரு மாடியறையைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் அதுவும் பெரிய உதவி.

எந்த ஏரியா நல்லது என்று கேட்கும் தம்பிக்கும் தங்கைக்கும் இப்போதைக்கு நாம் சொல்வது இதுதான். அரசு கட்டிய குடியிருப்பை முதலில் தேடுங்கள். பழைய கிராமத்துக்குள் போவதானால் அங்கே வாழும் நம்மவர் யாரையாவது தெரிந்துகொண்டு போங்கள். பிள்ளை படிக்கும் வயதில் இருந்தால் எல்லைக்கு இந்தப் பக்கமே இருங்கள். மறுத்தவரின் வாசலிலிருந்து பேசாமல் திரும்பிவிடாதீர்கள். சாதியை மறைத்தால்தான் வீடு கிடைக்கும் என்ற நிலை மாறாதவரை, ஓசூர் எத்தனை மாடி உயர்ந்தாலும் நமக்கு அது இன்னொரு ஊர்தான்.